மண்கட்டுக்குள் அம்மா

இப்ப எங்க வீடு இருக்கிற இடத்துல முன்ன தவளைதான் குடியிருந்துச்சு. குருவிட்ட பக்கம் ரப்பர் மலை எறங்கி வந்து முடியுற அடிவாரத்துல, ஆத்தை ஒட்டி ஒரு பெரிய சேத்துப் பள்ளம். சிங்களத்துல தெனியன்னு சொல்லுவாங்க, எங்க வாயிலயும் அதே பேருதான். மாணிக்கம் தோண்டுற முதலாளி ஒருத்தரு அந்தப் பள்ளத்தைக் குழி குழியா வெட்டி, கல்லு தீந்ததும் அப்படியே போட்டுட்டாரு. குழியில எல்லாம் தண்ணி நின்னு பாசி புடிச்சுக் கெடந்துச்சு, மாடு கூட எறங்காது. அந்த எடத்தைத்தான் அவரு ரப்பர் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல, குடியிருந்த எங்க சனத்துக்குத் தூத்து எடுத்துக்கச் சொல்லி உறுதிப் பத்திரம் எழுதிக் குடுத்தாரு. அவருக்கு ஏன் அந்த மனசு வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. சில பேரு புண்ணியவான்னாங்க, சில பேரு செஞ்ச பாவத்தைக் கழுவுறாருன்னாங்க. எதுவா இருந்தா எனக்கென்ன, நெலம் வந்துச்சுல்ல.

தோட்டத்துல பொறந்து வளராதவங்களுக்கு இது வெளங்காது. நாங்க பொறந்த லயத்துக் காம்பரா, அந்த ஒத்தை அறை கூட, எங்களோடது இல்ல. வாசல்ல ஒரு கொட்டில் போடணும்னாலும் ஆபீசுல கேக்கணும். வீட்டுல ஒருத்தராவது தோட்டத்து வேலைக்குப் பேரு போடணும், இல்லன்னா எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டே கெடக்கணும். அப்படி இருந்த சனத்துக்குச் சேறுன்னா என்ன, செம்மண்ணுன்னா என்ன. நம்ம சேறு.

ரப்பர்ல பால் வெட்டு மத்தியானத்தோட முடிஞ்சிரும். பாலை அளந்து ஊத்திட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோத்தைத் தின்னுட்டு, எல்லாரும் மண்ணு சொமக்கக் கெளம்பிருவோம். மலையில ரோட்டுக்கு வெட்டித் தள்ளுன செம்மண்ணை உரச்சாக்குல கட்டித் தலையில வச்சு எறக்குனோம். குழியெல்லாம் தூந்துச்சு. ஆனா ஆறு சும்மா இருக்குமா? மழைக்கு மழை உள்ள வந்து, நாங்க கொட்டுனதுல பாதிய அள்ளிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் கட்டு போட்டோம். ஆத்துப் பக்கம் நெடுக, ஆள் ஒசரத்துக்கு மேல, உச்சியில ஒரு ஆட்டோ ஓடுற அகலத்துக்கு முழுக்க மண்ணாலேயே ஒரு கட்டு. உள்ள தேங்குற மழைத்தண்ணி வெளிய போக சிமெந்துக் குழாய் ஒண்ணு வச்சோம். ஆறு ஏறுனா அதோட வாயை அடைக்க ஒரு பலகை. ஒவ்வொரு தட்டு மண்ணு கொட்டுனதும் பொம்பளைங்க எல்லாம் வரிசையா நின்னு மிதிப்போம். என் அம்மா அதுல கெட்டிக்காரி. வேலையில இருந்து நின்ன பொறகும் சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு முன்னுக்கு வந்து நிக்கும். நான் ஏசுவேன், மூட்டு வலின்னு ராத்திரி மொனகுறதுக்கு இப்பச் சும்மா உக்காருன்னு. காதுலயே போட்டுக்காது.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்துச்சு. செத்தா இந்த நெலத்துலதான் வைக்கணும், தோட்டத்து மண்ணுல வைக்கக் கூடாது. இதைச் சாப்பிடும்போது சொல்லும், தலை சீவும்போது சொல்லும், வந்த விருந்தாளிகிட்டயும் சொல்லும். கேக்குறவங்களுக்கு அலுத்துப் போயிருக்கும். எங்களுக்குக் காரணம் தெரிஞ்சதால அலுக்கல.

அப்பா செத்தப்ப நான் சின்னப் புள்ள. தோட்டத்துல குடுத்த பெட்டியில வச்சு, தோட்டத்துப் பொதைகுழி மேட்டுலதான் அடக்கம் பண்ணாங்க. கொஞ்ச வருசத்துல அந்த மேட்டையும் சேத்து எடுத்துப் புது ரப்பர் கன்னு நட்டுட்டாங்க. கேக்கிறதுக்கு யாரு இருந்தா? மரம் பெருத்துப் பால் வெட்டுக்கு வந்தப்ப, அந்த மலையில வெட்டுற வேலை அம்மாவுக்கு விழுந்துச்சு. எந்த மரத்துக்கு அடியில அப்பான்னு அதுக்கு உத்தேசமாத் தெரியும். அந்த மரத்துலயும்தான் பட்டையைச் சீவிப் பாலை எடுத்துச்சு. வேலையை வேணாம்னு சொல்லவா முடியும்? தன் புருசன் மேல நிக்கிற மரத்துல கத்தியை வைக்கிற பொம்பளை என்ன நெனச்சிருப்பா?

அம்மா எங்க புது வீட்டுல ரெண்டு பொங்கல் பாத்துச்சு. நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்துல கட்டியிருந்தோம். எம் புருசன் கொழும்புல கடையில வேலை, அண்ணி வெளிநாட்டுல வீட்டு வேலை, அதனால பாதி நாளு நாங்க மூணு பேருதான் ஒரே அடுப்புல சாப்பிடுவோம். ஒரு மாசி மாசம் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டுச்சு. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில வச்சிருந்து, கொஞ்சம் தேறுனதும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்து சொந்தக் கதவுக்கு நேரா பாயில படுத்துக்கிட்டு, காத்து வருதுன்னு சொல்லுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே போயிருச்சு.

சொந்த நெலத்துல வைக்கிறதுக்குக் கிராம சேவகர்கிட்ட போய்ச் சொல்லி, பிரதேச சபையில அனுமதியும் எடுத்துட்டு வந்துச்சு அண்ணன். தப்பு மேளம் அடிக்கிறவங்க வந்தாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்களச் சனம் சீனியும் தேயிலையும் கொண்டாந்து குடுத்து, துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்ட ஒத்தாசை பண்ணாங்க. எல்லாம் மொறையா நடந்துச்சு. குழி வெட்டப் போனப்பதான் சிக்கல். அண்ணன் வீட்டுக்குப் பின்னால முழங்கால் ஆழம் கூட வெட்டல, அடியில இருந்து தண்ணி சுரந்துச்சு. வாளியால எறைச்சாங்க. எறைக்க எறைக்க வந்துச்சு. எடத்தை மாத்திப் பாத்தாங்க, அங்கயும் அதே கதை. நாங்க கொட்டுன செம்மண்ணு மேல ஒரு போர்வைதான், அதுக்குக் கீழ பழைய பள்ளம் அப்படியே உசுரோட இருந்திருக்கு. பெட்டி வாசல்ல இருக்கு, வெயில் ஏறுது, குழி இல்ல. அம்மாவைத் தண்ணியில எறக்குறதான்னு அண்ணன் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்திருச்சு.

அப்புறம் நிமிந்து கட்டைப் பாத்துச்சு. அந்தப் பள்ளத்துலயே ஒசரமா, காஞ்சு ஒலந்து கெடந்த மண்ணு அது ஒண்ணுதான். கட்டுலயே வைப்போம்னு சொன்னதும் குழி வெட்டுற ஆளுக முகத்துல உசுரே வந்துச்சு. பெரியவங்களும் சரின்னுட்டாங்க. அம்மா காலால மிதிச்ச மண்ணு, அங்கயே இருக்கட்டும்னு ஒருத்தரு சொன்னப்ப நான் கேவிக் கேவி அழுதேன், சந்தோசமாவும் இருந்துச்சு. அத்தனை பேரு நின்னோம். ஒருத்தருக்காவது அது தப்பாப் படல. மலையில பொறந்தவங்களுக்கு எப்படிப் படும்? மலையில எங்க குழி வெட்டுனாலும் மலை நிக்கும். செத்தவங்களை மேட்டுல வைக்கணும், அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச மொறை. தண்ணின்னா மேல இருந்து வரும், கான், வாய்க்கால் வெட்டி விட்டாக் கீழ போயிரும். பக்கவாட்டுல வந்து மண்ணுக்குள்ள தலையை விட்டுத் தேடுற தண்ணிய எங்க சனம் அதுவரைக்கும் பாத்தது இல்ல.

குழி வெட்டி, அம்மாவை எறக்கி, கையால மண்ணைத் தள்ளி மூடுனோம். மேல ஒரு குரோட்டன் குச்சியும் நட்டு வச்சோம். எங்க வாசல்ல நின்னா தெரியும். காலையில தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணன் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டேதான் குடிக்கும். அது மொகத்துல அப்படி ஒரு அமைதிய நான் முன்ன பாத்ததே இல்ல.

வைகாசி மழை வந்துச்சு. ஆறு செவந்து, சத்தம் போட்டுக்கிட்டு ஏறுச்சு. பலகையை எறக்கிட்டு எல்லாரும் கட்டு மேல நின்னு வேடிக்கை பாத்தோம், கொஞ்சம் பெருமையாக் கூட. அப்ப கட்டுக்கு ரொம்பக் கிட்ட வீடு கட்டியிருந்த பொண்ணு ஓடி வந்தா. கல்யாணமாகிக் கைக்கொழந்தையோட இருந்தவ, புருசன் மாணிக்கக் குழியில வேலை. குசினித் தரை ஈரமாகுதுக்கான்னு சொன்னா. மழைதானேன்னேன். இல்லக்கா, கீழ இருந்து ஊறுதுன்னா.

போய்ப் பாத்தோம். அவ குசினி, அதான் அடுப்படி, அதுக்குப் பின்னால, கட்டோட காலடியில, வெரல் தடிக்குத் தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு இருந்துச்சு. கலங்கல் தண்ணி. தெளிஞ்சு வந்தா கசிவு, கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டி இருக்கல, கண்ணால பாத்தாலே வெளங்குச்சு. நிமிந்து பாத்தா, நேர் மேல குரோட்டன் செடி. மத்த எடம் எல்லாம் தட்டுத் தட்டா மிதிச்சு எறுகுன மண்ணு. அந்த ஒரு எடம் மட்டும் வெட்டி, அள்ளிப் போட்டு மூடுனது. அம்மா மேல மிதிக்க யாருக்கு மனசு வரும்?

சாக்குல மண்ணைக் கட்டி அடுக்கு அடுக்கா வச்சோம். மழை விட்டதால தப்புனோம். ஆறு எறங்குச்சு, ஊத்தும் நின்னுச்சு.

அதுல இருந்து பேச்சு மாறிப் போச்சு. யாரும் எங்க மொகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்லல. 'அந்த எடம்'னு மட்டும் சொல்லுவாங்க. அந்த எடத்தை ஏதாவது பண்ணணும், அந்த எடம் அடுத்த மழை தாங்காது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குழாயடியில ஒருநாளு தாங்க முடியாம, அந்த எடம் அந்த எடம்ங்கிறீங்களே, அது எங்கம்மா, வச்சப்ப எல்லாரும்தானே தலையாட்டுனீங்கன்னு கத்திட்டேன். ஒருத்தரும் எதுத்துப் பேசல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

அண்ணன் கட்டுக்குப் பின்னால தனி ஆளா மண்ணு சொமந்து கொட்டுச்சு, மிதிச்சுச்சு, மறுபடி கொட்டுச்சு. ஒவ்வொரு சின்ன மழைக்கும் அந்தக் காலடியில ஈரம் தெரியும். அம்மாவை எடுக்கணும்னு சொல்ல வந்த ரெண்டு பெரியவங்களைத் தேத்தண்ணி கூடக் குடுக்காம அனுப்பிருச்சு. ரப்பர் கன்னு நடுறதுக்கு எங்கம்மாவைத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களான்னு மட்டும் கேட்டுச்சு.

என் மனசை மாத்துனது அந்தப் பொண்ணு. அவ சண்டைக்கு வரல, சாடையாக் கூட ஒண்ணும் சொல்லல. வானம் இருட்டுனாப் போதும், புள்ளையத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு, ஒரு பையில அரிசியும் பால் மாவும் போட்டுக்கிட்டு, மலை ஏறி லயத்துக்குப் போயிருவா. அங்க அவ சின்னம்மா வீட்டு இஸ்தோப்புல, வாசல் திண்ணையில, ஓரமா உக்காந்திருப்பா. மழை விட்டதும் எறங்கி வருவா. எங்க ஊரு மழைக்கு இது ஒரு நாளைக்கு ஒரு தடவையோட முடியுற காரியமா? எங்க வாசலைத் தாண்டிப் போகும்போது, போயிட்டு வர்றேன்க்கான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. சொந்த வீட்டை விட்டுட்டு, எந்த லயத்துல இருந்து தப்பிச்சு வந்தாளோ அதே லயத்துக்கு எங்கம்மாவுக்குப் பயந்து ஓடுறா. ஒருநாளு புள்ளைக்குக் காய்ச்சல், அப்பவும் நனைஞ்சுக்கிட்டே ஏறுனா. நான் குடையை எடுத்துக்கிட்டு ஓடிப்போய்க் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. என் மொகத்தை அவ பாக்கல.

அன்னைக்கு மழைக்குள்ளயே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அம்மா உசுரோட இருந்து இதைப் பாத்திருந்தா என்ன செஞ்சிருக்கும்?"

அண்ணன் கட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு.

"அதுவே எந்திரிச்சுப் போயிருக்கும்ணே. ஒரு பச்சப்புள்ள நனையுதுன்னா அங்க படுத்துக் கெடக்குமா?"

"ஒரே ஒரு ஆசை கேட்டுச்சு" அப்படின்னுச்சு அண்ணன். "மொத்த உசுருலயும் ஒண்ணே ஒண்ணு."

ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். மழை விட்டப்ப அண்ணன் எந்திரிச்சு, மொகம் கழுவி, சட்டையை மாத்திக்கிட்டு, தோட்டத்துப் பொதைகுழியில எடம் கேக்க, தோட்டத்து அதிகாரி தொரையப் பாக்கக் கெளம்புச்சு. நானும் கூடப் போனேன். டவுன் பொது மயானத்துல வைக்கலாம்னு சிலர் சொன்னாங்கதான். முன்ன பின்ன தெரியாத சனத்துக்கு நடுவுல போட மாட்டேன்னுருச்சு அண்ணன். அந்த மலையிலன்னா அப்பாவாவது எங்கயோ இருக்காரு.

தொரை சின்ன வயசுக்காரரு, புதுசா வந்தவரு. சிங்களத்துலதான் பேசுனோம். இப்ப தோட்டத்துப் பொதைகுழி வேற மேட்டுல, அங்க வச்சுக்கங்கன்னு ஒடனே ஒத்துக்கிட்டாரு, நல்ல மனுசன்தான். அண்ணன் எந்திரிக்கல. ஒண்ணு கேக்கணும்னுச்சு. அந்த மேட்டுல கன்னு நட மாட்டோம்னு நீங்க வாக்கு குடுக்கணும்.

"நான் இருக்கிற வரைக்கும் நட விட மாட்டேன்" அப்படின்னாரு தொரை. "அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. எங்களையும் ரெண்டு மூணு வருசத்துல மாத்திருவாங்க."

பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம், சொல்லல. அதுக்காக அவரைக் கும்பிடுறதா, ஏசுறதான்னு தெரியாம நான் அண்ணனை இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன்.

பொதைச்ச பெட்டியத் தோண்டறதுன்னா கோர்ட்டு உத்தரவு, பொலிஸ், சுகாதார ஆளுன்னு எல்லாரும் வரணும். அந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. ஆடி மாசம் வெயில் பாத்து ஒருநாள் காலையில தோண்டுனாங்க. மொத மண்வெட்டிய அண்ணன்தான் போட்டுச்சு, அப்புறம் அடுத்த ஆளுகிட்ட குடுத்துட்டுத் திரும்பி நின்னுக்கிச்சு. நான் திரும்பல. யாராவது பாக்கணும்ல.

இடுப்பு ஆழத்துலயே ஈரம். இன்னும் வெட்டுனா சேறு. பெட்டி தண்ணியில கெடந்துச்சு. ஒலந்த எடம்னு தேடிப் புடிச்சு வச்சோமே, மழைக்கு மழை ஆறு உள்ள வந்து எங்கம்மாவைச் சுத்தி நின்னிருக்கு. இத்தனை மாசமா அது தண்ணிக்குள்ள கெடந்திருக்கு, நாங்க தேத்தண்ணியக் கையில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்துச் சந்தோசப்பட்டிருக்கோம். என்னை அறியாம நான் குழிப் பக்கம் சாஞ்சேன். அந்தப் பொண்ணுதான் பின்னால வந்து என்னைத் தாங்கிப் புடிச்சா.

புதுப் பெட்டியில வச்சு, அம்மாவை மலைக்குத் தூக்குனாங்க. தப்பு மேளம் இல்ல, வெடி இல்ல. எறங்கி வந்த பாதையிலயே ஏறுனோம். தோட்டத்து மண்ணு ஒலந்து, செவந்து, பொலபொலன்னு இருந்துச்சு. குழியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அதைப் பாக்க எனக்குக் கோவமா வந்துச்சு.

மறுநாள்ல இருந்து கட்டை அடைச்சோம். சேத்தை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு, நல்ல மண்ணாக் கொண்டாந்து, தட்டுத் தட்டாக் கொட்டி மிதிச்சோம். இந்தத் தடவை மிதிக்க எதுவும் தடை இல்ல. எங்க வீட்டுப் பக்கம் முகம் குடுக்காமத் திரிஞ்ச சனம் எல்லாம் வந்துச்சு. அண்ணன் மட்டும் வரல. வீட்டுக்குள்ள சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்துச்சு, யாரும் கூப்பிடவும் இல்ல.

அடுத்த வைகாசியில வந்த வெள்ளம் அதுக்கு முன்ன நாங்க பாத்த எதையும் விடப் பெருசு. குருவிட்ட ரோட்டுல பஸ் நின்னு போச்சு. மத்தியானமே கட்டோட விளிம்புக்கு ஒரு சாண் கீழ ஆறு ஓடுச்சு. சனம் எல்லாம் மண் சாக்கோட கட்டு மேல வரிசையா நின்னோம். எல்லாரோட கண்ணும் அந்த ஒரே எடத்துலதான். அந்தப் பொண்ணு குசினித் தரையில முட்டி போட்டு உள்ளங்கையால தடவித் தடவிப் பாத்தா. ஒலந்து இருந்துச்சு. திரும்பத் திரும்பத் தடவுனா, திரும்பத் திரும்ப ஒலந்து இருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு, புள்ளையப் பாயில போட்டுட்டு, அடுப்பைப் பத்த வச்சுச் சோத்துக்கு ஒலை போட்டா. அவ கூரையில பொகை வந்ததைப் பாத்து எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதே நேரம் அவமேல தாங்க முடியாத ஆத்திரமும் வந்துச்சு. ரெண்டும் உண்மை.

சாயங்காலம் தண்ணி எறங்க ஆரம்பிச்சதும் ஆளுக கலைஞ்சு போனாங்க. சிலர் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போனாங்க. கட்டு நின்னுருச்சு, இனி எந்த வெள்ளத்துக்கும் பயமில்லன்னு. அண்ணன் மட்டும் நனைஞ்சுக்கிட்டு அந்த எடத்துலயே உக்காந்திருச்சு. நான் குடையோட கிட்ட போய், இனி தண்ணி வராதுண்ணே, எந்திரின்னேன்.

"தெரியும். வராது" அப்படின்னுச்சு. கையை அந்த மண்ணு மேல வச்சிருந்துச்சு. "அம்மா இருந்தப்ப ஒழுகுச்சு. அம்மாவை எடுத்ததும் கட்டு நிக்குது. இந்த வீட்டுல நான் எப்படித் தங்கச்சி நிம்மதியாப் படுப்பேன்?"

நான் குடையை அது தலைக்கும் சேத்துச் சாய்ச்சுப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னேன்.